பங்காக வந்த உவர் மண்

பங்கு பிரித்த அன்று அண்ணி குனிந்து, அந்த வெள்ளை மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். என் கணவரின் அக்கா அவர். புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். சென்னீர்குப்பத்தில் இருந்த குடும்ப நிலத்தில் நல்ல பாகத்தையெல்லாம் அவருடைய அண்ணனும் என் கணவரும் எடுத்துக்கொண்டு, உப்புப் பூத்துக் கிடந்த பள்ளத்தை அவர் தலையில் கட்டினார்கள். "கரிக்குது" என்றார், துப்பினார், கையெழுத்துப் போட்டார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அவரிடம் மூன்று எருமைகள். சொந்தமாகப் புல் விளைந்தால்தான் அவற்றை வைத்துக்கொள்ள முடியும். இல்லாவிட்டால் விற்றுவிட்டு அண்ணன் வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு அவர் ஆள் இல்லை. முதலில், நட்ட புல் மஞ்சளாகிறதே என்று தினமும் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சினார். வடிய வழியில்லாமல் அது தேங்க, அடியில் கிடந்த உப்பெல்லாம் மேலே ஏறிப் புல்லைக் கருக்கியது. தெருவே சிரித்தது. "சிரிச்சிகினே இருங்க" என்று மண்வெட்டியைத் தூக்கினார். நானும் போனேன். என் கணவர் முறைத்தார், முறைக்கட்டும். பள்ளத்தின் ஓரமாக இடுப்பளவு ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். உப்பு மண்ணை இளக்க ஜிப்சம் தூவி உழுது, வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைத் தேக்கினோம். அது மண்ணுக்குள் இறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு வாய்க்காலில் வடிந்தது. மழைக்கு மழை இதே வேலை. பிறகு உப்பைத் தாங்குகிற எருமைப்புல்லை நட்டார். பிடித்துக்கொண்டது.

பச்சை தெரிந்ததும் அண்ணியின் அண்ணன் வந்து நின்றார். "ரோட்டாண்ட கீற எடம்மா. கோடவுன் கட்டக் கேக்குறாங்க. உனக்கு வேற எடம் பாத்துக்கலாம்."

"செத்த மண்ணுன்னு எனக்குக் குடுத்த. உசுரு வந்ததும் கேக்குறியே, இன்னா ஞாயம்ணா இது?"

அவர் கேட்கவில்லை. ஆட்களோடு அளக்கவே வந்துவிட்டார். அண்ணி காலையிலேயே மடையைத் திறந்திருந்தார். வந்தவர்களின் ஷூ சேற்றில் புதைந்தது. "இன்னிக்குத் தண்ணி கட்ற நாளு. நாளிக்கும் அதான்" என்றார். அவர்கள் போனதும், தண்ணீர் தேங்கி உப்பு ஏறிவிடாமல், அடைத்திருந்த வடிகாலைத் திறக்க ஓடினோம். வீம்புக்காக மண்ணைக் கெடுக்கிறவர் இல்லை அவர்.

இப்போது சுற்றிலும் கோடவுன்கள். அண்ணி இல்லை. நிலத்தை என் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அதுவும் பலருக்கு உறுத்தல்தான். போன வாரம் அண்ணியின் அண்ணன் மறுபடி வந்தார். வயதாகிவிட்டது, ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது.

"அவ புடிவாதம் அவளோட போவட்டும்மா" என்றார்.

"போவல மாமா. எங்கிட்ட குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க."

மாடுகளுக்குப் புல் அறுக்க நேரமாகியிருந்தது. அவரை வரப்பிலேயே விட்டுவிட்டு வயலில் இறங்கினேன்.