விஜயராணியின் ட்ரெம்பிள்

நாற்றை ஊன்றி ஒரு அடி பின்னால். மறுபடி ஊன்றி ஒரு அடி பின்னால். வாய் முனகிக்கொண்டே இருக்கிறது: "ட்ரெம்பிள்... ட்ரெம்பிள்..." புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, இடுப்பில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய போன். அடுத்த வரிசையில் நட்டுக்கொண்டிருந்த காசம்மாள் நிமிர்ந்தாள்.

"இன்னா ராணி, போன தபா மாதிரி இன்னிக்கும் மேடையில நின்னு பாத்துட்டு எறங்கிடுவியா?"

"எறங்கினா அந்தக் கிளாஸ் பக்கமே போமாட்டேன். போதுமாடி?"

பாகூர் பக்கத்தில் நடவுக்கு ஆள் சேர்ப்பதும் அதட்டுவதும் விஜயராணிதான். அவள் குரல் ஏரிக்கரை வரை கேட்கும். மகளிர் குழுவின் இங்கிலீஷ் வகுப்பில் மேடையேறிப் பெயர் சொல்லச் சொன்னபோது மட்டும் முட்டி கடகடவென்று ஆடி, வாய் திறக்காமல் இறங்கிவிட்டாள். இறங்கியதும் ஜெயா மிஸ்ஸிடம் கேட்டது ஒன்றுதான்: "மிஸ், இந்த ஆட்டத்துக்கு இங்கிலீசுல இன்னா பேரு?"

"ட்ரெம்பிள்" என்றார் மிஸ். லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த சொல் என்றும் சொன்னார். விஜயராணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எங்கியோ பொறந்து, பிரெஞ்சுக்காரன் வூட்ல தங்கி, இங்கிலீசுக்காரன்கிட்ட போயி, கடசில எம் முட்டியில வந்து ஒக்காந்துகிச்சா!"

அடுத்த வகுப்பில் ஆளுக்கொரு சொல்லைப் பற்றிப் பேசவேண்டும் என்றதும் அதையே எடுத்துக்கொண்டாள்.

நடவு முடிந்து அன்று மாலை மேடையில் மைக் முன்னால் நின்றாள். முட்டி ஆடியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"மை வேர்ட் இஸ் ட்ரெம்பிள்."

கால் தானாக ஒரு அடி பின்னால் போனது.

"இட் கம் ஃப்ரம் லத்தீன்."

இன்னொரு அடி. மைக் எட்டாமல் போகப் போக, குரல் வயல் குரலாயிற்று. "தென் பிரெஞ்சு! தென் இங்கிலீஷ்!"

"எம்மே, பின்னால செவுருடி!" என்று கீழேயிருந்து கத்தினாள் காசம்மாள்.

கூடமே சிரித்தது. முதுகு சுவரில் முட்டியதும் விஜயராணியும் கண்ணைத் திறந்து சிரித்தாள். "நவ் இட் இஸ் ஹியர்!" என்று முட்டியைத் தட்டிக் காட்டினாள். அது இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் பக்கத்துக் கழனியில் நடவு. கொஞ்சம் காற்று இருந்தது. ஒரு நாற்று சரியாக ஊன்றாமல் தண்ணீரில் ஆடியது. விஜயராணி அதைக் கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டு, ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தாள்.