குடைக்கு ஒரு ஓட்டுக் குறைவு

எங்கள் வார்டு இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. சுரங்கம் மூடி, வீடுகள் காலியாகி, ஓட்டுப் போட ஆள் போதவில்லை என்று அதைப் பக்கத்து வார்டோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். ஆனாலும் தேர்தல் சமயத்தில் வீட்டுக்குச் சீட்டு வரும்போதெல்லாம் என் கண் பழைய எண்ணைத்தான் தேடுகிறது. பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் இதைச் சொன்னால் கூட வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். இல்லாத வார்டுக்கு இவ்வளவு பாசமா என்கிறார்கள்.

அந்த வார்டின் தேர்தல் வரலாறு ரொம்பச் சின்னது. மூன்று முறை தேர்தல் வந்தது. மூன்று முறையும் நடக்கவில்லை. மூன்று முறையும் என் பெரியப்பா ஜெயித்தார். நான்காவது முறை நடந்தது. அதில் பெரியம்மா தோற்றாள். அவ்வளவுதான்.

பெரியப்பா சுரங்கத்தில் கேஜை, அதாவது ஆட்கள் ஏறும் இரும்புக் கூண்டை, இறக்கி ஏற்றும் இன்ஜினை ஓட்டியவர். ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலிருந்து ஆட்களைப் பத்திரமாக மேலே கொண்டுவருகிறவர் என்பதால் தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக இருந்த எங்கள் லைன்களில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையை அவர் நன்றாகவே செலவழித்தார். மனுவை வாபஸ் வாங்கும் கடைசி நாளன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, எதிர்த்து நிற்பவர் வீட்டுக்குப் போவார். ஊர்க்கதை, உறவுக்கதை, கால்பந்து டீம் எல்லாம் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது தோளில் கையைப் போட்டு, "நம்மளுக்குள்ள இன்னாத்துக்குப்பா போட்டி?" என்பார். சாயங்காலம் அந்த ஆளே வந்து மாலை போட்டுவிட்டுப் போவார்.

பெரியவர்களுக்கு இதில் பெருமை இருந்திருக்கலாம். எனக்கு அவமானமாக இருந்தது. மற்ற வார்டுகளில் ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் கொடுத்தார்கள். வண்ணக் காகிதத்தில் சின்னச் சின்னக் கொடிகள் தெருவுக்குக் குறுக்கே படபடத்தன. எங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்டு கிடைத்தது. "உங்க வார்டுல எலெக்‌ஷனே வராதாமே?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். ஏதோ தீராத நோய் வந்த வீட்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

எனக்கு எட்டு வயதானபோது எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதாகச் செய்தி வந்தது. பெரியப்பா முனிசிபாலிட்டி ஆபீசிலிருந்து திரும்பி வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நல்ல சேலையா கட்டிக்கினு ரெடியா இரு. முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போவணும்."

"இன்னாத்துக்கு?"

"நிக்கறதுக்கு."

"ஏன், அங்க உக்கார இடம் இல்லியா?"

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொல்லிச் சிரித்தார். பெரியம்மா சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் நான் பாதி நாள் அந்தப் பக்கம்தான் சாப்பிட்டேன். எல்லா லைன் வீடுகளையும் போலத்தான் அதுவும். ஒரே ஒரு வித்தியாசம், பெரியப்பா வீட்டுப் பின்கட்டில் கதவு போட்ட கக்கூஸ் ஒன்று இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் லைன் கடைசியில் வரிசையாக இருந்த பொதுக் கக்கூஸ்தான். அதில் ஒன்றுக்கும் கதவு கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாள். பெரியப்பா வேலைக்குப் போனதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் பின்வழியாக வருவார்கள். பெரியம்மா ஒன்றும் பேசாமல் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள். இதைப் பெரியப்பாவிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நான் சொன்னதில்லை.

இந்த முறை எதிர்த்து மனுப் போட்டது கேன்டீன் அக்கா. சுரங்கத்துக் கேன்டீனில் இட்லி ஊற்றுகிறவள். அதனால் எல்லோருக்கும் அதுதான் பெயர். முதல் வேலையாகக் கக்கூசுக்குக் கதவு போடுவேன் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி நாளன்று பெரியப்பா வழக்கம்போல வேட்டி கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். சீக்கிரமே திரும்பிவிட்டார்.

"இன்னா ஆச்சு மாமா?" என்று அம்மா கேட்டாள்.

"டீ நல்லாப் போடறா" என்றார் பெரியப்பா.

இப்படியாக எங்கள் வார்டுக்கு ஒருவழியாகத் தேர்தல் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன். பெரியம்மாவுக்குக் குடைச் சின்னம், கேன்டீன் அக்காவுக்குத் தையல் மிஷின். போஸ்டர் வந்தது. அதில் பெரியப்பா படம் பெரிதாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. கீழ் மூலையில், ஏதோ கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த பெரியம்மா முகம், தபால்தலை அளவுக்கு இருந்தது. பக்கத்தில் நின்றவளின் காது கூட அதில் பாதி தெரிந்தது. "மூஞ்சி தெரிஞ்சாத்தானே ஜனம் ஓட்டுப் போடும்" என்றார் பெரியப்பா. தன் மூஞ்சியைச் சொன்னார். ஜெயித்த பிறகு வேண்டியிருக்கும் என்று லெட்டர் பேடுகூட அச்சடித்து வைத்துவிட்டார். அதிலும் அவர் பெயர்தான் தடித்த எழுத்தில் இருந்தது.

பெரியம்மாவுக்கு ஓட்டுப் போடச் சொல்லித்தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஓட்டுச்சீட்டில் பெயர்கள் கன்னடத்தில் இருக்கும்; அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து ஓட்டுச்சீட்டு வரைந்தேன். நம்ம கட்சி மேலே இருப்பதுதானே முறை என்று குடையை மேலேயும் தையல் மிஷினைக் கீழேயும் போட்டேன். "மேல இருக்கறதுல குத்தணும் பெரிம்மா, கீழ போவக்கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளும் பொறுமையாக உருளைக்கிழங்கு வில்லையை மையில் தோய்த்து, மேலே மேலே என்று பத்துத் தடவை குத்திக் காட்டினாள்.

ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனோம். பெரியப்பா முன்னால் கும்பிட்டுக்கொண்டு போவார். நாலடி பின்னால் பெரியம்மா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேட்ஜுடன் நான். கேன்டீன் அக்கா வீட்டையும் விட்டுவிடக்கூடாது என்றார் பெரியப்பா. அதுதான் பெருந்தன்மையாம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கேன்டீன் அக்கா எழுந்து நின்றாள். பெரியப்பாவைப் பார்க்காமல் பெரியம்மாவிடம் கேட்டாள்.

"அக்கா, ஜெயிச்சா மீட்டிங்குக்கு நீங்க போவீங்களா, அண்ணன் போவாரா?"

பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா சொன்னார்: "நான் போனா இன்னா, அவ போனா இன்னா? எல்லாம் ஒண்ணுதானே."

கேன்டீன் அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். பெரியம்மா குனிந்து கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது அதை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு வந்தாள். எங்களோடு வந்தவர்களில் அப்படிச் செய்தது அவள் மட்டும்தான்.

ஓட்டுப் போடும் நாளன்று நானும் அவளோடு பள்ளிக்கூடத்துக்குள் போனேன். மை வைக்கிறவரிடம் நானும் விரலை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு ஒரு புள்ளி வைத்தார். "பாப்பாவையும் கூட்டிக்கினு போங்கம்மா" என்றார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நானும் அவளும் மட்டும் நின்றோம்.

சீட்டைப் பிரித்ததும் எனக்குப் பகீரென்றது. தையல் மிஷின் மேலே இருந்தது. குடை கீழே இருந்தது. சொல்லலாம் என்றால், உள்ளே வாயைத் திறக்கக்கூடாது என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பெரியம்மா அவசரப்படவில்லை. குடையின் மேல் ஒற்றை விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு விரலை எடுத்துவிட்டு, முத்திரையை எடுத்து, மேலே இருந்த தையல் மிஷினில் நிதானமாகக் குத்தினாள். மை காயும்வரை ஊதினாள். நான் சொல்லித்தந்தபடியே மடித்துப் பெட்டியில் போட்டாள்.

மேலே குத்து, மேலே குத்து என்று சொன்ன வாயை நான் கையால் பொத்திக்கொண்டேன்.

ஓட்டு எண்ணிய அன்று பெரியப்பா கறுத்த முகத்தோடு வந்தார். குடை தோற்றுப்போயிருந்தது. ஒரே ஓட்டில். இன்னொரு தடவை எண்ணச் சொன்னாராம், எண்ணினார்களாம், அதே ஒரு ஓட்டு. பத்து ஓட்டில் தோற்றிருந்தால் ஆறியிருப்பார். ஒரு ஓட்டு என்றதும் அது ஓட்டாகத் தெரியவில்லை, ஒரு ஆளாகத் தெரிந்தது. வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். பென்சில் கடைசியில் என் அப்பாவிடம் வந்து நின்றது.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஓட்டுக் கேட்க வரவில்லை, ஷிப்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பேட்ஜும் குத்திக்கொள்ளவில்லை. பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"நீ யாருக்குடா போட்ட?"

"அத்தெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுண்ணா."

"எங்கிட்டயே சட்டம் பேசறியா?"

"சரி, குடைக்குத்தான் போட்டேன்னு சொன்னா நம்புவியா?"

"நம்ப மாட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்குக் கேக்கற?"

அதோடு பேச்சு நின்றது. பெரியப்பா எங்கள் வாசல் வழியாக நடப்பதை விட்டுவிட்டு லைனைச் சுற்றிக்கொண்டு போனார். அம்மா கொடுத்தனுப்பிய குழம்பு தொடாமல் திரும்பி வந்தது. அப்பா சாயங்காலம் படியில் உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளத்த பூட்சுக்குத் திரும்பத் திரும்பப் பாலிஷ் போட்டார். அவர் அண்ணனோடு பேசாமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

அந்த ஒரு ஓட்டு எங்கே போனது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் சொன்னால் பெரியம்மாவுக்குத் தலைகுனிவு. அவளைத் தப்பாகக் குத்த வைத்தது யார் என்ற கேள்வி அடுத்ததாக வரும். ஒரு வாரம் அப்படியே கிடந்தேன். ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல், பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவளிடம் போய் நின்றேன்.

"பெரிம்மா, நீ தையல் மிஷின்ல குத்தினத நான் பாத்தேன்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல. நான்தான் மேல குத்துன்னு சொன்னேன். தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். அதாலதான் தோத்துட்ட." எனக்கு அழுகை வந்துவிட்டது. "பெரிப்பா நைனாதான் மாத்திப் போட்டாருன்னு நெனச்சுக்கினு பேசவே மாட்டேங்கறாரு. நைனா ராவுல சோறே துண்றதில்ல."

நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ராத்திரி சாப்பிடுவதில்லை என்றதும் பெரியம்மா எழுந்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு நேராக முன்பக்கம் போனாள். அங்கே பெரியப்பா நாலைந்து பேரோடு உட்கார்ந்து தோல்வியை அலசிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, உங்க தம்பி மேல தப்பில்ல. நான்தான் மாத்திக் குத்திட்டேன்."

"இன்னாது?"

"குடை மேல இருக்கும்னு நெனச்சேன். அது கீழ இருந்துச்சு. கண்ணும் சரியாத் தெரியல."

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பொத்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து இன்னொருவர். கடைசியில் பெரியப்பாவே தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "தனக்கே ஓட்டுப் போடத் தெரியாதவளக் கொண்டுபோய் நிறுத்தினேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்றார். எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவின் தோளில் கையைப் போட்டார். அன்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அம்மா கறி சமைத்தாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் லைன்களில் பெரியம்மாவுக்குக் குடையம்மா என்றுதான் பெயர். கடைக்குப் போனால், "பாத்து எடுங்க குடையம்மா, இது உப்பு, அது சர்க்கரை" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிவருவாள். கேன்டீன் அக்கா தோளில் ஒரு கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு, மீட்டிங்குக்கு அவளே போய்வந்தாள். அந்த வருஷமே கக்கூசுகளுக்கு நீலத் தகரக் கதவுகள் வந்தன.

ஆனால் அதெல்லாம் பிறகு. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அன்று, பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தலையைக் கோதிவிட்டாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

"எம்மேல கோவமா பெரிம்மா?"

"எதுக்கு கோவம்? நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த, கண்ணு" என்றாள்.

பெரியம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு, நான் செய்த தப்பைக்கூடச் சொல்லிக்காட்டாமல் விட்டுவிட்டாளே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரத்துப் பாரம் இறங்கிய சந்தோஷத்தில், அவள் கையை உதறிவிட்டு விளையாட ஓடினேன்.