மேட்டுக்குள் செத்த விதை

நான் பொய் சொன்னேன். செத்துப்போன விதையை உயிரோடு இருக்கிறது என்று சொன்னேன். அதை நம்பிய ஒரு மனிதரின் மாட்டுப் பட்டி அழிந்தது.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு இப்போது தெம்பில்லை... அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. தெரிந்தவரிடம் சொல்ல வேண்டியதை இன்றுவரை சொல்லவில்லை!

வெல்லாவெளிக்கு அப்பால், மாடுகள் மேயும் தரையொன்றில் வீதி வேலைக்காகக் கிரவல் என்னும் சரளை மண்ணை அள்ளினார்கள். அள்ளி முடிந்ததும் குழியை நிரவி, பழையபடி புல் முளைக்கச் செய்து, பட்டிக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. வீதி போடும் கம்பனியில் அந்தப் பொறுப்பு என்னுடையது.

கிரவலுக்கு மேலே கிடக்கும் ஒரு சாண் மண்ணில்தான் அந்தத் தரையின் புல்விதை எல்லாம் இருக்கிறது. அதை முதலில் வழித்து ஒரு பக்கம் வைத்திருந்து, கடைசியில் மறுபடி பரப்பினால் புல் தானாக வரும். இடுப்புக்கு மேல் உயராமல் தாழ்வாகப் போட்டு வையுங்கள் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

நான் கேட்டேனா? இல்லை!

நான் வயற்காரரின் மகள். வெட்டிய கதிரைக் கட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே போராக அடுக்கிச் சூடு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள். சூடு உயர்ந்தால் மழை வழிந்தோடும். உள்ளே நெல் பத்திரமாக இருக்கும். மண்ணுக்குள் இருப்பதும் விதைதானே! மண் அள்ளும் பெக்கோ இயந்திரக்காரரிடம், "இன்னும் உயத்துங்க அண்ணன்" என்று பக்கத்தில் நின்று சொன்னேன். கூரை போலச் சரித்து, தறப்பாளும் போட்டு மூடினேன். பார்த்தவர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சூட்டில் வைப்பது காய்ந்த கதிர், மேட்டில் இருந்தது ஈர மண். இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டு மாரிமழைக் காலம் அந்த மேடு அப்படியே கிடந்தது. காற்றுப் புகாத புழுக்கத்தில் விதைகள் உள்ளேயே முளைவிட்டு, வெளிச்சம் காணாமல் மக்கிப்போயின.

இதுவரை சொன்னது பிழை. பிழையை யாராவது மன்னிக்கலாம்... இனிச் சொல்லப்போவதுதான் குற்றம்.

மண்ணைப் பரப்புவதற்கு முன், முளைக்குமா என்று பார்க்க இரண்டு பேசின் சட்டிகளில் மண் எடுத்தேன். ஒன்று மேட்டின் மேற்புறத்திலிருந்து, மற்றது நடுவிலிருந்து. நடு மண்ணில் புளித்த வாடை அடித்தது. இரண்டுக்கும் தண்ணீர் தெளித்துப் பார்த்திருந்தேன். மேல்மண்ணில் புல் பச்சைப்பசேலென்று வந்தது. நடு மண்ணில் வந்தது தகரைச் செடி மட்டும். மாடு வாய் வைக்காத தகரை! புல் ஒன்றுகூட இல்லை.

பட்டிக்காரரின் கூட்டத்துக்குப் போகும்போது, நடு மண்ணைக் கொல்லையில் கொட்டிவிட்டுப் புல் முளைத்த பேசினை மட்டும் தூக்கிக்கொண்டு போனேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? வேலை போய்விடும் என்ற பயமா? அதுகூட இல்லை. வெட்கம்... வயற்காரர் மகளுக்கு மண் தெரியும் என்று என்னைத் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள். அந்த இடத்திலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை.

கூட்டத்தில் தவராசா மாமா எழும்பினார். உறவில்லை, வயதுக்காக மாமா என்பேன்; அவர் என்னைப் பிள்ளை போல 'மனே' என்பார். பசுக்கள் வைத்திருந்தார், மனைவி பூமணி மாமி தயிர் போட்டு விற்பார். வட்டை என்னும் வயல்வெளியில் விதைப்புத் தொடங்கினால் மாடுகளை வயற்பக்கம் விடக் கூடாது என்பது இங்கத்தைய ஒழுங்கு. மாரி முழுக்க அவற்றுக்கு அந்தத் தரைதான் கதி; கிரவல் அள்ளிய இரண்டு மாரியும் வைக்கோல் வாங்கிப் போட்டே கடனாளியாகியிருந்தார்.

"வாகரையில இருக்கிற என்ட மச்சான் மாட்டையெல்லாம் அங்க கொண்டு வரச் சொல்றான். இஞ்ச புல் வருமெண்டா நான் போகல்ல. சொல்லு மனே, வருமா?"

"வரும் மாமா. பாருங்களன், எப்பிடி முளைச்சிருக்கு!"

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வாகரைக்குப் போயிருப்பார். பக்கத்துத் தரைகளில் விதை முற்றிய புல்லை அறுத்து வந்து நாங்களும் தூவியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அது எத்தனை நாளைக்கு மறையும்?

மெல்லிய மேல்மண்ணும் செத்த நடு மண்ணும் கலந்தபடி பரப்பினோம், மழை வந்தது. தரையில் சேறும் தகரையும்தான். பசித்த மாடுகள் வேலியை முறித்து வட்டைக்குள் இறங்கின. ஒரு பசுவின் காலை யாரோ வெட்டிவிட்டார்கள். கன்றுகள் சேற்றில் விழுந்து எழும்பவில்லை. வாகரைக்கு ஓட்டிப்போகவும் வழியில்லை, எங்கும் வெள்ளம். மிஞ்சியவற்றை மாமா இறைச்சிக்குக் கொடுத்தார்.

பார்க்கப் போனேன். பூமணி மாமி வெறும் தயிர்ச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மாமாதான் எனக்கு ஆறுதல் சொன்னார்!

"மழை கூடிப்போச்சு மனே. விதையெல்லாம் அள்ளுண்டு போயிட்டு. நீ என்ன செய்வாய்?"

வாய்வரை வந்தது... விழுங்கிவிட்டேன்.

பிறகு இன்னொரு தரையைக் கிண்ட வந்தார்கள். மற்றப் பட்டிக்காரர் விடமாட்டோம் என்று நின்றார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? தவராசா மாமா! ஒரு மாடும் இல்லாத மனிதர் எனக்காகப் பிணை நின்றார். "இந்தப் புள்ள பொய் சொல்லாதுகா" என்றார். நான் அங்கேதான் இருந்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த முறை மண்ணை முழங்காலுக்கு மேல் உயர விடவில்லை. அடுத்த மாரிக்கு முன்பே பரப்பியும் விட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! புல் வந்தது. பட்டிகள் வந்தன.

அதைப் பார்க்க அவரும் வந்தார், வெறுங்கையோடு. குந்தியிருந்து புல்லைத் தடவினார். அவர் முகத்தில் பொறாமை ஏதும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம் போலிருந்திருக்கும்.

"நான் அண்டைக்கே சொன்னன் இவனுகளுக்கு, இந்தப் புள்ள சொன்னா வருமெண்டு. எனக்குத்தான் மனே குடுத்து வைக்கல்ல."

"ஓம் மாமா" என்றேன்.