பத்து எண்ணினால் திரும்பி வரும்

எம். புதுப்பட்டி பால்வாடியில் இருபது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆடும் குதிரை. அதன் வாலை எந்தப் புண்ணியவான் பிய்த்தானோ, நான் ஆயா வேலைக்குச் சேர்ந்தபோதே இல்லை. வாலில்லாத அந்தக் குதிரைக்குத்தான் அத்தனை அடிதடி.

தேவமணி டீச்சர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஏறிய பிள்ளை பத்து எண்ணிவிட்டு இறங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். சுற்று முடிந்ததும் குதிரை திரும்ப அதனிடமே வரும். கொடுத்தது திரும்பி வரும் என்று தெரிந்துவிட்டால் எந்தப் பிள்ளையும் கொடுத்துவிடும் என்பார். அந்த வாக்கை அவர் ஒருநாளும் மீறியதில்லை. சாயங்காலம் பெற்றவர்கள் வாசலில் வந்து நின்றாலும், சுற்றில் மிச்சமிருக்கும் பிள்ளையை ஏற்றி இறக்கிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். வீட்டுக்குப் போகும் திருத்தங்கல் பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டில் நிற்பார். அவருக்குச் சொந்தமாகப் பிள்ளை கிடையாது. அதைச் சொல்லி யாராவது இரக்கப்பட்டால் எரிந்து விழுவார்.

ஓவியா மட்டும் மசியவில்லை. நாலு வயது வாயாடி. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டால் ஆனை வந்தாலும் இழுக்க முடியாது. அவள் தம்பி பாலகுரு, இரண்டு வயது, அவள் பாவாடையைப் பிடித்தபடியே திரிவான். டீச்சர் மாசக்கணக்கில் அவளோடு மல்லுக்கட்டினார். ஒருநாள் அவளாகவே பத்து எண்ணி, இறங்கி, தம்பியை ஏற்றிவிட்டாள். அன்றைக்கு டீச்சர் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார்.

அந்த ஆடி மாசம் சீசன் ஆர்டர் குவிந்த நேரம். பட்டாசுக் கம்பெனி வெடித்ததில், அங்கே வேலை பார்த்த ஓவியா, பாலகுருவின் அப்பாவும் அம்மாவும் ஒரே அறையில் போய்ச் சேர்ந்தார்கள். தீபாவளி எந்த ஊருக்கோ, எழவு மட்டும் எங்களுக்கு.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் டீச்சரும் போயிருந்தோம். சித்தப்பா ராக்கப்பனுக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். இன்னும் ஒன்றைத்தான் தாங்க முடியும் என்றார். திருப்பூரிலிருந்து வந்த பெரியம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, பையனை மட்டும் கொண்டுபோவதாகச் சொன்னாள். இரண்டையும் சேர்த்து வளர்க்கிறேன் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. டீச்சர், தான் வளர்ப்பதாகக் கேட்டுப் பார்த்தார். வேற்றாளுக்குக் கொடுக்க எங்களுக்கு என்ன கேடு என்று வாயை அடைத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய, சொந்தமா நாங்கள்?

ஓவியா தம்பியைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. இழுத்தார்கள். முதுகில் இரண்டு போட்டார்கள். அவனும் வீறிட்டான். பஸ்ஸுக்கு நேரமாகவும் ராக்கப்பன் டீச்சரிடம் வந்தார்.

"நீங்க சொன்னீகன்னா கேப்பா டீச்சர். அடிச்சுப் பிரிக்க எனக்கு மனசு வரல."

டீச்சர் என்னைப் பார்த்தார். இன்னொரு அடி விழுவதைப் பார்க்க அவருக்கும் தெம்பில்லை. ஓவியாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பத்து எண்ணிட்டு, தம்பியப் பெரியம்மாட்டக் குடு கண்ணு."

"திரும்பி வருவானா டீச்சர்?"

டீச்சர் வருவான் என்றார்.

ஓவியா நிறுத்தி நிதானமாகப் பத்து எண்ணினாள். கையை எடுத்துவிட்டாள்.

இப்போது அவள் குதிரைப் பக்கமே போவதில்லை. பால்வாடி வாசற்படியில் உட்கார்ந்து, பஸ் வரும் ரோட்டைப் பார்த்து எண்ணுகிறாள். பத்து வந்ததும் உள்ளே திரும்பி, எண்ணிவிட்டேன் டீச்சர் என்கிறாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் குதிரையில் ஏற்றுகிறார். தப்பாக எண்ணியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள்.