படகு வரும் என்று காத்திருந்த காலை

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் கொட்டியபோது, திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றின் அக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. எங்கள் ஆற்றை ஆறு என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வருடக்கணக்கில் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும், ஆடு மேயும். திடீரென்று ஒரு வருடம் தண்ணீர் வந்துவிட்டால் தரைப்பாலத்தை முழுங்கிவிட்டு வாரக்கணக்கில் வழிவிடாது.

எங்களுக்குச் சம்பங்கித் தோட்டம். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறித்து, வெயில் ஏறுவதற்குள் டவுன் பூ மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தரைப்பாலம் முழுகிய நாட்களில், தூரத்துப் பெரிய பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு லோடு ஆட்டோக்காரர் ஊருக்கு வருவார். எல்லோர் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அதே சேற்றுப் பாதையில் திரும்புவார். போய்ச் சேரும்போது பாதிப் பூ வதங்கியிருக்கும். ஆனாலும் வந்தார், அதைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கை சும்மா இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஒரு நாள் போனில் ஏதோ வெளிநாட்டு வீடியோவைக் காட்டினார். ஒல்லியான படகு, பின்னால் ஒரு என்ஜின், அதிலிருந்து நீளமாக ஒரு வால் போலக் கம்பி, அதன் நுனியில் விசிறி. "முழங்கால் தண்ணி இருந்தாப் போதும். கல்லோ வேரோ வந்தா வாலைத் தூக்கிக்கிரலாம். நம்ம ஆத்துக்குன்னே செஞ்சது மாதிரி இருக்கு பாரு" என்றார். நம்ம ஆத்துல முதல்ல தண்ணி வரட்டும் என்று நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவர் விடவில்லை. தகரத்தை வளைத்து அடி தட்டையாக உடம்பைச் செய்தார். தோட்டத்தில் கிடந்த பழைய பெட்ரோல் பம்ப்செட்டின் என்ஜினைக் கழற்றிப் பின்னால் உட்காரவைத்தார். நீளக் குழாய்க்குள் கம்பியை நுழைத்து வால் ஆக்கினார். விசிறிக்கு முதலில் எங்கள் டேபிள் ஃபேன் இறக்கையைத்தான் மாட்டினார். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது இறக்கை சுருண்டு போனது. இரும்புத் தகட்டை முறுக்கி வேறு மாட்டி மறுபடி ஓட்டினார். தொட்டித் தண்ணீர் முழுவதும் வெளியே பாய்ந்து, தொட்டிக்குள் அவர் மட்டும் நனைந்துபோய் நின்றார். ஊரே வந்து சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் கப்பல்காரர். "ஏப்பா, கொழும்புக்கு எப்ப புறப்படுறே?" என்று கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டேன்.

அந்த ஐப்பசியில் ஆறு வந்தது. தரைப்பாலம் முழுகிய மறுநாள் காலை அவர் எங்கள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நடுவில் கருவேல முள் வந்த இடத்தில் வாலைத் தூக்கித் தாண்டிவிட்டு மறுபடி இறக்கினார். பீடி ஒன்று பற்றவைத்துக் குடித்து முடிப்பதற்குள் அக்கரையில் இருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமைதான், வேறென்ன.

அதன்பிறகு சிரித்தவர்கள் அத்தனை பேரும் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். அவர் யாரையும் இல்லை என்று சொல்லவில்லை. பூ போனது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள், பால் கேன் போனது. லோடு ஆட்டோக்காரர் ஒரு நாள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒரு மூட்டை கூட இல்ல, நான் எதுக்கு வெட்டியா வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படகுதான் இருக்கிறதே.

ஆறு வந்தால் எங்கள் ஊரில் பூசை உண்டு. மஞ்சளும் பூவும் வைத்த தட்டைக் கரையோரம் தண்ணீரில் இறங்கி மிதக்க விடுவார்கள். அந்த வருடம் பெரியவர்களுக்கு ஆசை பெரிதாகிவிட்டது. கோயிலுக்கு நேரே, மேலே கொஞ்ச தூரத்தில், நட்டாற்றில் கொண்டுபோய் விட வேண்டும், படகைக் கொடு என்று வந்து நின்றார்கள். சாமி காரியம் என்று கேட்டால் யார் மறுப்பது? நானும் வாரேன் என்றார் என் வீட்டுக்காரர். வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊர்ப் பெரியவரின் தம்பி ஓட்டுவதாக ஏற்பாடு. அவர் பவர் டில்லர், அதாவது கைப்பிடியைப் பிடித்து உழுகிற வண்டி, ஓட்டுகிறவர்.

"மாமா, தட்டுச்சுன்னா கைப்பிடிய அமுக்குங்க, வால் மேல வந்துரும். தூக்கினா வால் கீழ போயிரும்" என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஏலே, பத்து வருசமா டில்லர் ஓட்டுறேன், எனக்குக் கைப்பிடி சொல்லித் தாரியா" என்று அவர் என்ஜினை முடுக்கிக்கொண்டு போனார். பூசை முடித்து, விடிவதற்குள் துறையில் கொண்டுவந்து கட்டிவிடுவதாகச் சொன்னார்கள்.

அடுத்த நாள் விடிகாலை. எங்களிடம் பூப் பறிக்கும் அக்கா ஒருத்தர் உண்டு. என்னைவிட மூத்தவர், கணவர் இல்லை, அவர் கைதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு. அவர் பறிக்கிற வேகத்துக்கு இன்னொருத்தர் கூடை எடுத்துக் கொடுக்க வேண்டும். சம்பங்கி புல் மாதிரி கொத்துக் கொத்தாக அடர்ந்திருக்கும். அடியில் சாய்ந்து கிடந்த ஒரு தண்டை எடுக்கக் கையை விட்டவர், "ஆத்தீ" என்று கையை உதறினார். விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்ததை நானே பார்த்தேன். வலது கை விரலில் ரத்தம். யாரோ கயிற்றை எடுத்தார்கள், இறுக்கிக் கட்டக் கூடாது என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். அக்காவைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினோம்.

துறையில் பூ மூட்டைகளும் ஆட்களும் இருந்தார்கள். படகு இல்லை.

"வந்துரும் தாயி, செத்த நேரம் பொறுங்க. மேல இருந்துதானே வரணும், தண்ணிப் போக்குல வேகமா வந்துரும்" என்றார்கள். டில்லர்க்காரருக்குப் போன் போட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. படகில் வந்துகொண்டிருப்பார், என்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் பைக்கை எடுக்கட்டுமா என்று கேட்டார். சுற்றிப் போவதற்குள் படகு வந்துவிடும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அக்காவும் அதையேதான் சொன்னார். அதற்குள் கை மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது. கிழக்கு வெளுத்து, எதிர்க்கரைப் பனைமரம் தெளிவாகத் தெரிகிற வரை காத்திருந்தோம்.

பிறகு ஒருவர் கரையோரமாக நடந்து வந்தார். பூசைக்குப் போனவர்களில் ஒருவர். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். முதல் நாள் சாயங்காலம் பூசை முடிந்து திரும்பும்போதே படகு மணல் திட்டில் ஏறிவிட்டதாம். டில்லர் சேற்றில் சிக்கினால் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு முறுக்குவது போல, டில்லர்க்காரர் இதையும் தூக்கி முறுக்கியிருக்கிறார். வால் நேராக அடியில் கிடந்த பாறையில் போய்க் குத்தியது. கம்பி வளைந்து, விசிறி உடைந்துவிட்டது. படகை அங்கேயே ஒரு கருவேல மரத்தில் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார்கள். எங்களிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்களாம். டில்லர்க்காரர் எங்கள் போனைப் பார்த்தும் எடுக்கவில்லை. திட்டுவோம் என்று பயமாம்.

அக்காவைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் நான் பிடித்துக்கொண்டு, பெரிய பாலம் வழியாகப் போனோம். சேற்றில் வண்டி இரண்டு இடத்தில் சாய்ந்தது. "தாயி, பூவு மூட்டையிலயே கெடக்கே" என்று வழியெல்லாம் புலம்பினார். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கையைக் காப்பாற்ற முடியவில்லை. பெருவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்றவை மடங்கிப்போயின. இன்னும் முன்னாடியே கூட்டிவந்திருக்கலாமே என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். படகு வரும் என்று உட்கார்ந்திருந்தோம் என்று எப்படிச் சொல்வேன்?

ஊர்க்கூட்டம் போட்டார்கள். டில்லர்க்காரர் செய்ததைப் பற்றி அங்கே யாரும் பேச்செடுக்கவில்லை. படகு ராசியில்லாதது, நம்ம ஆத்துக்கு இல்லாத பழக்கத்தைக் கொண்டுவந்ததால் வந்த வினை என்று முடிவு செய்தார்கள். அந்தப் படகில் ஏறி மார்க்கெட்டுக்குப் போன வாய்களே அதைச் சொல்லின. நான் எழுந்தேன். "போன் அடிச்சது கேட்டுச்சா, கேக்கலயா? அத மட்டும் அவரு சொல்லட்டும்" என்றேன். டில்லர்க்காரரின் அண்ணன், ஊர்ப் பெரியவர், என்னைப் பார்க்கவே இல்லை. "அப்பு, வீட்டுப் பொம்பளைய உக்காரச் சொல்லு" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இவர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார். அந்த வாரமே படகைக் கேஸ் கட்டரால் அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். நான் தடுக்கவில்லை.

ஆனால் ஊர் சொன்னதை விட என்னை அறுத்தது அக்கா சொன்னதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பார்க்கப் போயிருந்தேன். கோபமே இல்லாமல், ஏதோ கணக்குச் சரிபார்க்கிறவர் போலக் கேட்டார். "படகு இல்லாம இருந்திருந்தா அன்னைக்கு ஆட்டோ வந்திருக்கும்ல தாயி?" வந்திருக்கும். எப்போதும் அந்த நேரத்துக்கு வந்து நிற்கும் ஆட்டோதான்.

போன மழைக்கு ஆறு மறுபடி வந்தது. லோடு ஆட்டோக்காரர் வேறு ஊருக்கு ஓட்டுகிறார், கூப்பிட்டும் வரவில்லை. ஆளாளுக்குச் சேற்றில் சுற்றிப் போனோம். இருக்கிற படகை வீணாக அறுத்துவிட்டாரே என்று டில்லர்க்காரர் என் காதுபடவே சொன்னார்.

அக்கா இன்றும் எங்கள் தோட்டத்துக்கு வருகிறார். இடது கையால் பறிக்கிறார், கூடை நிரம்ப நேரம் பிடிக்கிறது. அவர் குனியும்போதெல்லாம் எனக்கு அந்த ஆற்றங்கரைதான் நினைவுக்கு வரும்: அந்தக் கையில் பாதியைத்தான் பாம்பு எடுத்தது, மீதியை, இதோ வந்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் அன்போடு சொல்லிக்கொண்டிருந்த அந்தச் செத்த நேரம் எடுத்துக்கொண்டது.