எண்ணூர் ஆற்றுத் திட்டில் ஓட்டம்

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்து திரும்பியபோது, வியாசர்பாடி எம்.கே.பி. நகர் குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு என்னால் ஒரே மூச்சில் ஏற முடியவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு இரண்டாம் மாடிக்காரர்கள் வாசலில் நிரந்தரமாக ஒரு நாற்காலி போட்டு வைத்தார்கள். நாற்பதைத் தாண்டியதும் தாண்டாததுமாக அந்த நாற்காலியில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. மருந்தைக் குறைத்த அன்று மருத்துவர், "இனி நடங்க. பழகினதும் மெதுவா ஓடுங்க. நுரையீரல் நல்லா விரியணும்" என்றார்.

எங்கள் தெருவில் ஓடிப் பார்த்தேன். ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, வரிசையில் வைத்த குடங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் நாய்கள். ஒரு பெண்பிள்ளை காரணமில்லாமல் ஓடினால் நான்கு வீட்டுக் கதவு திறந்து "இன்னா ஆச்சு?" என்று கேட்கிற தெரு அது. அக்கறையோடுதான் கேட்டார்கள். பதில் சொல்வதற்குத்தான் எனக்கு மூச்சு மிச்சமிருக்காது.

அந்தச் சமயத்தில் ராயபுரத்திலிருந்த எங்கள் அலுவலகத்தை எண்ணூருக்கு மாற்றினார்கள். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்குக் காகித வேலை பார்க்கிற சின்ன அலுவலகம். எல்லோரும் புலம்பினார்கள், நானும் சேர்ந்து புலம்பினேன். கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்துத் திருவொற்றியூர் தாண்டிப் போக வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நாள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டேன். அலுவலகம் திறக்கவில்லை. கால் போன போக்கில் நடந்தபோது ஆறு வந்தது.

கொசஸ்தலை ஆறு கடலில் கலப்பதற்கு முன்னால் அங்கே அகன்று கிடக்கிறது. நடுநடுவே பச்சையாக அலையாத்திச் செடிகள் மண்டிய திட்டுகள். தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், கரையோரமாகச் சாம்பல் தண்ணீர் போகும் பெரிய குழாய்கள். அழகான இடம் என்று யாரும் படம் எடுத்துப் போடமாட்டார்கள். ஆனால் வியாசர்பாடியில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் துண்டு துண்டாக வானத்தைப் பார்த்தவளுக்கு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வானம் தெரிந்ததே போதுமாக இருந்தது. அன்றைக்கே கைப்பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினேன். மறுநாளிலிருந்து ஷூவோடு போனேன்.

ஆற்றுப் பாலத்தில் தொடங்கி முகத்துவாரம் நோக்கி ஓடுவேன். நடப்பது பாதி, ஓடுவது பாதி. வலை உதறிக்கொண்டிருக்கும் குப்பத்து ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு வேலையைப் பார்ப்பார்கள். யாரும் கேலி செய்ததில்லை.

ஒரு நாள் நீர் வற்றி, கரையோரத் தரை பெரிய மைதானம்போல் வெளியே தெரிந்தது. மேலே காய்ந்து வெள்ளையாக இருந்தது. குறுக்கே போனால் வளைந்து போகும் தூரம் மிச்சம் என்று இறங்கிவிட்டேன். கொஞ்ச தூரம் தாங்கியது. பிறகு ஒரு கால் முழங்கால் வரை போயிற்று. அதை இழுக்க மற்ற காலை ஊன்றினேன், அது தொடை வரை போயிற்று. மண் இல்லை, குழாயிலிருந்து ஒழுகி வருஷக்கணக்காகப் படிந்த சாம்பல். உதற உதற உள்ளே இழுத்தது. கத்தினேன்.

ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"யக்கா, ஆடாத! ஆடுனா இன்னும் உள்ள பூடுவ! அப்டியே பின்னால சாஞ்சி படுத்துக்கோ!"

படுத்தேன். அவள் தன் வீட்டுக்காரரைக் கூவி அழைத்தாள். அவர் படகைத் தள்ளிக்கொண்டு வந்து துடுப்பை என் பக்கம் நீட்டினார். அவர் இழுக்க, அவள் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, நான் மீன்போல வழுக்கிக்கொண்டு படகுக்குள் விழுந்தேன். ஒரு ஷூ சாம்பலோடு போனது. அவள் ஆற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு என் கால்களைக் கழுவிவிட்டாள்.

"யார்னா தொரத்துனாங்களா? இன்னாத்துக்குக்கா தினம் ஓடிகினு கீற?"

நுரையீரல் கதையைச் சொன்னேன். அவள் தன் புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மூச்சுக்கு ஓட்றவ இந்த சாம்பல்லியா வந்து ஓடுவ? நல்லா கீது போ!"

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். அவள் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தன் புடவை ஒன்றைக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் அன்று அலுவலகத்துக்குப் போனேன். கிளம்பும்போது, "நாயித்துக்கெழம வாக்கா. அந்தாண்ட திட்டுல மணலு ஷோக்கா கீது. ஒரு தூசி இல்ல. நாங்க வலை போடப் போசொல்ல உன்னிய எறக்கி வுட்றோம்" என்றாள்.

வாய்வார்த்தைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். புடவையைத் திருப்பிக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை போனபோது படகில் எனக்கென்று ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தார்கள்.

அந்தத் திட்டின் ஒரு பக்கம் அலையாத்தி, மறுபக்கம் ஈர மணல். காலை வைத்தால் அச்சு விழுந்து உடனே நீர் கசியும். என்னை இறக்கிவிட்டு அவர்கள் வலை வீசப் போனார்கள். நான் வெறுங்காலோடு மணற்பக்கம் முழுக்க ஓடினேன். நண்டுகள் விலகி வளைக்குள் போயின. நாரைகள் மட்டும் விலகவில்லை, நான்தான் சுற்றிப்போனேன். இருமல் வரவில்லை என்பதே ஓடி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அப்படியே ஆயின. ஒரு காலையில் அவள் படகிலிருந்து குதித்து, "நானும் வரேன்" என்றாள். புடவையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகினாள். படகில் கழற்றி வைத்திருந்த என் புது ஷூவைப் போட்டுப் பார்க்கிறாயா என்று கேட்டேன். போட்டு இரண்டடி நடந்தாள்.

"அய்ய, கால்ல ரெண்டு படகு கட்னா மாரி கீது!"

கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். நான் பாதி மணல் கடப்பதற்குள் அவள் அந்தக் கோடியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். படகிலிருந்து அவள் புருஷன் விசிலடித்தார். பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் அவள்தான் முதலாம். எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். "அப்புறம் எங்கக்கா ஓட்றது? கூடையத் தூக்கிகினு பஸ்ஸுக்கு ஓடுனதுதான்" என்றாள். அவளை ஜெயிக்க முயன்றதே எனக்குக் கிடைத்த பெரிய பயிற்சி. ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு ஆலையிலிருந்து கசிந்த எண்ணெயும் ஆற்றில் இறங்கியது. செய்தி கேட்டு, கன்டெய்னர் லாரி ஓட்டும் என் கணவரோடு அவர்கள் குப்பத்துக்குப் போனேன். பழைய துணி மூட்டை கட்டி எடுத்துப் போயிருந்தோம். படகு, வலை, கரைக்கல் எல்லாம் கறுப்பு. அந்த வாடை தெருமுனையிலேயே தொண்டையைப் பிடித்தது. அவள் படகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கைகள் முழங்கை வரை தாரில் முக்கியதுபோல இருந்தன. என்னைப் பார்த்ததும் கத்தினாள்.

"நீ இன்னாத்துக்கு வந்த? இந்த நாத்தம் உன் மூச்சுக்கு ஆவுமா? போ, மொதல்ல கெளம்பு!"

வருமானம் நின்று, மீனை வாங்க ஆளில்லாமல் நின்ற நேரத்தில் அவள் என் நுரையீரலை நினைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியை என் மூக்கில் கட்டி, நல்ல காற்று வரும் பக்கமாக உட்காரவைத்தாள். கணவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவள் புருஷனோடு படகடியில் புகுந்துகொண்டார். சாயங்காலம் வரை இருவரும் தேய்த்தார்கள். ஊருக்கே சமைத்த பெரிய அண்டாவிலிருந்து எங்களுக்கும் சாப்பாடு போட்டார்கள்.

பல மாதங்கள் திட்டுக்குப் போகவில்லை. பாலத்து நடைபாதையில் மட்டும் ஓடினேன். ஒரு நாள் அவளே போன் செய்தாள்: "யக்கா, மடவை மீனு மறுபடி துள்ளுது. வா."

அவர்கள் படகில் திட்டுக்குப் போனேன். அலையாத்தித் தண்டுகளில் தண்ணீர் ஏறிய உயரம் வரை இன்னும் கறை இருந்தது. அதற்கு மேலே புது இலைகள் பளபளத்தன. மணலைக் கையால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் அவள் என்னை ஓடவிட்டாள். அன்று நாங்கள் போட்டி போடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே ஓடினோம். பேசிக்கொண்டே ஓட எனக்கு மூச்சு இருந்தது.

திரும்பும்போது அவள் ஒரு பை நிறைய மடவை கொடுத்தாள், வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை. பை ஒழுகிக்கொண்டே வந்தது. ரயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கொருக்குப்பேட்டை வரை காலை நீட்டி உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு வந்தேன்.