வேண்டாமென்று எழுதிக் கொடுத்த பங்கு

கஃப்ர் லூஸ் ஊரில் பெண்பிள்ளைக்கு நிலத்தில் பங்கு இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள். மார்க்கமே கொடுத்திருக்கும்போது எப்படிச் சொல்வார்கள்? பங்கு உண்டு; வாங்கத்தான் கூடாது. வாங்கினவள் வீட்டுக் கதவை அப்புறம் பெருநாளைக்குக்கூடக் கூடப்பிறந்தவன் தட்டமாட்டான். புருஷன் அடித்துப் போட்டாலும் ஏனென்று கேட்க நாதி இருக்காது.

ஸுப்ஹிய்யாவுக்கு இருபது வயதில் அத்தா மௌத்தானார். நாற்பது நாள் கழிந்ததும் அண்ணன் ஃபவ்ஸி ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"நாளைக்கு நீ வாக்கப்பட்டுப் போற வீட்டுக்கு நம்ம நிலம் போயிடக் கூடாதில்ல, புள்ள. எவன் எவனோ வந்து நம்ம மரத்துல ஏறுவான்."

பதினோரு தூனம் நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர்; அதில் தொண்ணூறு ஒலிவ மரம். பங்கு வேண்டாமென்ற பத்திரத்தில் அவள் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். பதிலுக்கு ஒரு வெல்வெட் துணியும் ஒருவேளை விருந்தும் கிடைத்தன. தங்கமான பிள்ளை என்று ஊரே மெச்சியது. மெச்சாமல் என்ன செய்யும்?

மறு வருஷம் ஃபவ்ஸி குவைத்துக்கு வேலைக்குப் போனான். அதற்கடுத்தது அறுபத்தேழு, யுத்தம். ஊர் யூதப் பட்டாளத்தின் கைக்குப் போனது. வெளியே இருந்தவன் வெளியேதான் என்றாகிவிட்டது. திரும்பிவர அவனுக்கு அனுமதி கிடைக்கவேயில்லை. கடைசியில் அம்மானில் வீடு கட்டிக்கொண்டான்.

நிலத்தை யார் பார்ப்பது? ஸுப்ஹிய்யாதான். கோவேறு கழுதை பிடித்து உழுதாள், கிளை கழித்தாள், காய் பறித்து ஆலைக்குச் சுமந்தாள். வருஷா வருஷம் எண்ணெய் டின்கள் ஆற்றுப் பாலம் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போயின. குறைந்தால் போன் வரும்.

"என்ன புள்ள, மரமெல்லாம் என் மேல கோவமா இருக்கா?"

இதற்கிடையில் மலைமேல் யூதக் குடியிருப்பு வந்தது. முதலில் நாலு வண்டி வீடு, பிறகு சிவப்பு ஓட்டு வீடுகள், பிறகு வேலி. வேலிக்குள் மாட்டிக்கொண்ட தன் மரங்களுக்குப் போக அவளுக்கு வருஷத்தில் இரண்டு நாள் பட்டாளம் அனுமதி கொடுத்தது. இரண்டாயிரத்து நாலில் ஒரு மரத்தில் தாள் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். உரிமையாளர் ஊரில் இல்லாத நிலமாம், அரசு எடுத்துக்கொள்கிறதாம்.

ஹைஃபாவிலிருந்து வந்த வக்கீல் நுஹா நம்பிக்கையாகத்தான் பேசினாள்.

"சாச்சி, நிலம் இன்னும் உங்க அத்தா பேர்லதான் கெடக்கு. நீங்க அவரு மக, ஊர்லயே இருக்கீங்க. பங்கு பிரிக்காத நிலத்துல அவனுங்க சுலபமா கை வைக்க முடியாது. உங்க பேர்லயே மனு போடுவோம்."

"எம் பேர்லயா? அண்ணன் என்ன நெனைக்கும்?"

"அம்மான்ல உக்காந்துகிட்டு நல்லா நெனைக்கட்டும்."

எழுதிக் கொடுத்ததை அவள் நுஹாவிடம் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை, ஊரில் எல்லாப் பெண்ணும் செய்வதுதானே, அதைப் போய் வக்கீலிடம் யார் சொல்வார்கள்?

தங்கச்சி தன் பேரில் நிலம் கேட்கிறாள் என்ற சேதி அம்மானுக்குப் போய்விட்டது. ஃபவ்ஸிக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா, பாவி? முப்பத்தொன்பது வருஷம் பெட்டியில் வைத்திருந்த பத்திரத்தை எடுத்து, நிலம் முழுக்கத் தன்னுடையது, தங்கைக்கு அதில் ஒரு அடிகூடக் கிடையாது என்று ஒரு கடிதமும் எழுதி, மனுவை விசாரிக்கும் பட்டாளக் குழுவுக்கே நேராக ஃபாக்ஸ் அனுப்பினான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

பட்டாள முகாமில் ஒரு தகர அறையில் விசாரணை. அதிகாரி தாளை நீட்ட, மொழிபெயர்ப்பவன், "இந்தக் கைநாட்டு உன்னுதாம்மா?" என்றான்.

நுஹா அந்தப் பத்திரத்தை அப்போதுதான் பார்த்தாள். "ஞாபகமில்லன்னு சொல்லுங்க சாச்சி," என்று காதோரம் கெஞ்சினாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் பட்டாளக்காரன் முன்னால் அண்ணன் கள்ளப் பத்திரக்காரன் ஆவான். அவள் தாளைப் பார்த்தாள். "நான் வச்சதுதான்," என்றாள். இத்தனை வருஷம் அவள் உழுததெல்லாம் அண்ணனுக்காக வேலை பார்த்த கணக்கில் போயிற்று; நிலத்துக்காரன் ஊரில் இல்லாதவன் என்றாயிற்று.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. ஸுப்ஹிய்யா அழுகை வருமென்று உட்கார்ந்து பார்த்தாள். வரவில்லை. எழுந்து பயறு களைந்து அடுப்பில் வைத்தாள். அது வேகும்போது போன் அடித்தது.

"என்ன புள்ள, தீர்ப்பு வந்துருச்சாமே? என்ன சொன்னானுங்க?"

"நீ எழுதினது அத்தனையும் நெசம்னு சொல்லிட்டாங்கண்ணே. நிலம் முழுக்க உன்னுதுதானாம். எனக்கு ஒரு அடிகூட இல்லையாம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றான் ஃபவ்ஸி.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, மீதியைச் சொன்னாள்.